பவுலின் ஜீப்

மறுபடியும் சாவியைத் திருப்பினாள் பவுலின். ஜீப் கிர்ர்ர் கிர்ர்ர் என்று இழுத்ததே தவிர, பற்றிக்கொள்ளவில்லை.

"விடும்மா, பேட்டரி எறங்கிடப் போவுது" என்றார் கொளஞ்சியப்பன். ஜீப்பை விலை பேசச் சங்கராபுரத்திலிருந்து பைக்கில் வந்தவர். வழியில் அவள் அண்ணன் ஜோஸ்வாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஜோஸ்வாவுக்கு முகம் சுண்டிப்போனது. அப்பா விட்டுப்போன ஜீப், இருவருக்கும் பொது. மலையிலிருந்து பலாப்பழமும் கடுக்காயும் லோடு இறக்கிப் பிழைத்துக்கொள்வேன் என்று பிடிவாதமாக நின்றாள் தங்கை. "கல்வராயன் மலைல பொம்பள வண்டி ஓட்டுவியா? விக்கறதுதான்" என்று போனிலேயே முடித்துவிட்டு ஆளோடு வந்திருந்தான் இவன்.

"போன ஞாயித்துக்கிழம இதுலதான கோயிலுக்குப் போன? இன்னிக்கி இன்னா வந்துது?" என்றான் ஜோஸ்வா.

"கேம் சென்சார் படுத்துது. எப்ப பெட்ரோல் அடிக்கணும்னு அதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். வாயே தெறக்க மாட்டேங்குது."

கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, செல்லில் வீடியோ பார்த்துப் பார்த்து இன்ஜெக்‌ஷன் மாட்டியவள் அவள்தான். கரும்பு வெட்டிய கூலியெல்லாம் அதற்குத்தான் போனது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தாள். உள்ளே சுழலும் தட்டின் ஓரத்தில் பொத்தான் அளவு காந்தம், ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது. எதிரே சென்சார். "காந்தம் எதிர்ல வந்தா இது சிக்னல் குடுக்கணும்."

ஜோஸ்வா எட்டிப் பார்த்தான். பக்கம் மாறினால் சென்சார் கண்டுகொள்ளாதென்று, அந்தக் காந்தத்தில் சென்சாரைப் பார்க்க வேண்டிய பக்கத்துக்கு அவள் சிவப்பு நகப்பூச்சு வைத்தபோது, "காந்தத்துக்குக்கூட மேக்கப்பா?" என்று சிரித்தவன் அவன். இப்போது சென்சாரைப் பார்த்து வெறும் வெள்ளி நிறம்தான் பளபளத்தது. பூச்சுகூட உதிர்ந்துவிட்டது போல.

ஒயரை ஆட்டினாள். மீட்டர் வைத்தாள். "கரன்ட்டு வருது. சிக்னல்தான் வரல." மறுபடி சாவி. கிர்ர்ர்.

கொளஞ்சியப்பன் ஹெல்மெட்டை மாட்டினார். "காயலான் கடைக்குப் போடு தம்பி. என் நேரத்தக் கெடுத்ததுதான் மிச்சம்."

ஜோஸ்வா தங்கைமேல் பாய்ந்தான். "நல்லா இருந்த வண்டிய நாசம் பண்ணிட்டியேடி!"

"பண்ணது நான்தான். நானே பாத்துக்கறேன்." கிரீஸ் கையை இடுப்பில் ஊன்றி நிமிர்ந்தாள். "உனக்கு இதுல பங்கு வேணுமா வேணாமா? அத சொல்லு."

"இந்தத் துருப்புடிச்ச இரும்புல எனக்கின்னாடி பங்கு? நீயே வச்சிக்கினு அழு!"

"கேட்டுக்குங்க கொளஞ்சியண்ணே. நாளைக்கி யாரும் மாத்திப் பேசக் கூடாது."

"நான் சாட்சிம்மா" என்றவர், ஜோஸ்வாவை ஏற்றிக்கொள்ளாமலேயே பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்.

பஸ் பிடிக்கக் கச்சிராயபாளையம் ரோட்டுக்கு வெயிலில் நடந்தான் ஜோஸ்வா. பாதி தூரம் போவதற்குள் பின்னால் ஹாரன் கேட்டது. ஒதுங்கினான். துளி திக்கல் இல்லாமல் உறுமிக்கொண்டு வந்த ஜீப் அவனை உரசுவதுபோல் நின்றது. ஸ்டியரிங்கில் பவுலின்.

வாய் பிளந்து நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து நாந்தாண்ணா காந்தத்தப் பொரட்டி வச்சேன். ஏறு!"