சிரிப்பில் மட்டும் முட்டை

"ஹா... ஹா... ஹா!"

பூங்காவின் நடுவே வட்டமாக நின்றிருந்த கூட்டத்தில் அந்த மனிதரின் குரல்தான் உச்சத்தில் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணிலிருந்து நீர் வழிய, இன்றைக்கும் வெளுத்து வாங்கினார்.

அவருக்கு எதிரே நின்ற கணக்கு டீச்சரும் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது, சிரிப்பு வரவில்லை.

"வெட்கப்படாதீங்க டீச்சர்! நம்ம வெடிச்சிரிப்பு சாரைப் பாருங்க. சிரிச்சா இப்படிச் சிரிக்கணும்!" என்று கத்தினார் சிரிப்புப் பயிற்சி மாஸ்டர். அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. சிரிப்பதற்கு எதற்கு விசில் என்று டீச்சருக்கு முதல் நாளே தோன்றியது. கேட்கவில்லை.

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கணவரையும் பறிகொடுத்தவர். ஒரே மகன் கடல் தாண்டி இருக்கிறான். ரத்த அழுத்தம் எகிறியபோது டாக்டர் மாத்திரையைக் குறைவாகவும் புத்திமதியை அதிகமாகவும் கொடுத்தார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், உப்பைக் குறையுங்கள், காலையில் நடங்கள், தினமும் கொஞ்ச நேரம் மனம்விட்டுச் சிரியுங்கள்.

மற்ற எல்லாவற்றிலும் டீச்சர் நூற்றுக்கு நூறு. உப்பைக் குறைக்க யார் துணை வேண்டும்? நடக்கத்தான் யார் வேண்டும்? சிரிப்பில் மட்டும் முட்டை. ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து அவர் தனியாகச் சிரித்தால் அடுத்த வீட்டுக்காரி ஆம்புலன்ஸுக்குத்தான் போன் செய்வாள். அதனால்தான் இந்தப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் வரவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூடச் சிரிக்கவிடாத பாவம் இப்போது வட்டியோடு திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் சிரிப்பு வராவிட்டால் நாளையிலிருந்து நின்றுவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தார். சும்மா வாயைப் பிளந்துகொண்டு எத்தனை நாள் நிற்பது? ஆனால் நின்றுவிட்டால் காலையில் பார்க்கக் கிடைக்கும் இந்த நாலு முகமும் இல்லாமல் போகும். அப்புறம் அந்த வீடும் அவரும்தான். அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

மாஸ்டர் விசில் ஊதினார். எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் சிரிப்பை நிறுத்தினார்கள். வெடிச்சிரிப்புக்கு மட்டும் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கூட்டம் கலைந்தது. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த வெடிச்சிரிப்பு சாரிடம் டீச்சர் போனார். வயிற்றில் பொறாமை புகைந்தது. கவலை என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன்!

"சார், ஒரு சந்தேகம். உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமா வருது?"

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "உங்க வீட்டுல எத்தனை பேர், டீச்சர்?"

"நான் ஒருத்திதான்."

"கதவைச் சாத்தினா, ஏன் சாத்தினேன்னு கேட்கக்கூட யாரும் இல்லையா?"

"இல்ல."

"கொடுத்து வச்சவங்க," என்றார் அவர்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. பேச ஆளில்லாமல், டிவியில் செய்தி வாசிக்கிறவள் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது கொடுத்து வைத்ததாம்!

"உங்க வீட்டுல எத்தனை பேராம்?" கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டார்.

"எட்டு பேர். குளிக்கப் போய் ரெண்டு நிமிஷம் கூடுதலா ஆனா நாலு பேர் கதவைத் தட்டுவாங்க. என் முகம் லேசா வாடினாப் போதும், வீட்டுக்காரி சாப்பிடாம படுத்துடுவா. அவளுக்கு நெஞ்சு பலவீனம் வேற. அதனால வீட்டுல நான் எப்பவும் கலகலன்னு இருந்தாகணும்."

"தாங்கு தாங்குன்னு தாங்க இத்தனை பேர் இருந்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது?" என்றார் டீச்சர். "எனக்கு ஒரே ஒருத்தர் இருந்தாக்கூடப் போதும் சார், நானும் சிரிச்சுடுவேன்."

அவர் துண்டை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

டீச்சருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. யாரிடமும் இப்படி மனதைத் திறந்து கொட்டியதில்லை. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்காமல் போக மனசு வரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமாங்கறதே இதுலதான் இருக்கு. வட்டத்துல நிக்கும்போது நீங்க எதையோ நினைச்சுக்கறீங்க, இல்லையா? அது என்னன்னு மட்டும் சொல்லுங்க. நானும் அதையே நினைச்சுப் பார்க்கறேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மாஸ்டர் வெகுதூரம் போய்விட்டார். பக்கத்தில் யாரும் இல்லை.

"போன வருஷம் செத்துப்போன என் பொண்ணை," என்றார். "வாய்விட்டு அழறதுக்கு எனக்கு வேற எங்க இடம் இருக்கு, டீச்சர்?"