சக்களத்திக்கு ஒரு சுவிட்ச்

"மெஷின் ஓடுதோ இல்லையோ, அந்தச் சுவிட்சை முதல்ல பிடுங்கி எறியப் போறேன்" என்றாள் சின்னவள், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தபடி.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். உன்னை என்னடி பண்ணிச்சு?" வீட்டுக்குள்ளே நாற்காலியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னை ஒண்ணும் பண்ணலை. உன்னைத்தான் பண்ணிச்சு!"



அப்பா போய் மூன்று மாதமாகிறது. அன்றிலிருந்து அம்மா அந்த நாற்காலியும் தானுமாகவே இருக்கிறாள். ஆபரேஷன் செய்த முட்டி மறுபடி இறுகத் தொடங்கிவிட்டது. 'இப்படியே உட்கார்ந்திருந்தா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது' என்று போன வாரம்தான் டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனார். சின்னவள் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். அம்மா மசியவில்லை.

"நடந்து எங்கே போகணும் நான்?" என்று ஒரே பதில்தான்.

வீட்டை அம்மா பேருக்கு எழுதிய அப்பா, பின்பக்கப் பட்டறையிலிருந்த மெஷினை மட்டும் 'சின்னவளுக்கு' என்று தனியாக எழுதியிருந்தார். அறுக்க, இழைக்க, துளை போட எல்லாவற்றுக்கும் அது ஒன்றேதான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அப்பா குடித்தனம் நடத்தியது அதோடுதான். அதனால் அம்மா அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் மகளுக்கு எழுதி வைத்ததில் அதிசயமில்லை. ஆனால் அந்த மகள் அவரோடு முகம் கொடுத்துப் பேசி நாலு வருஷமாகியிருந்தது. காரணம், இந்தச் சுவிட்ச்தான்.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். பார்க்க வந்த சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பட்டறையிலிருந்து அப்பா கத்துகிறார். "ஏய், சுவிட்சைப் போடு!"

அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு பட்டறை வாசல்வரை போய்ப் போட்டுவிட்டு வருகிறாள். வந்து உட்காரக்கூட இல்லை.

"ஏய், அணைச்சிடு!"

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா, உங்க கை என்ன ஒடிஞ்சா போச்சு?"

"பக்கத்துல சுவிட்ச் இருந்தா ஷாக் அடிக்குது. அதான் வாசல்ல வச்சேன். வேலை நடக்கும்போது நான் நகர முடியாது."

"அம்மா காலைப் பார்த்தீங்களா நீங்க?"

அப்பா கையிலிருந்த பலகையைத்தான் பார்த்தார். அம்மாவோ, "அவர் கூப்பிடுறார், நான் போறேன். உனக்கெதுக்குடி வயித்தெரிச்சல்?" என்று இவள் வாயையே அடைத்தாள்.

அதற்குப் பிறகு அப்பாவிடம் இவள் பேசியதெல்லாம் 'ம்', 'ம்ஹும்' மட்டும்தான். அவர் படுக்கையில் விழுந்த பிறகும் அப்படியே. அவ்வளவு வீம்பு.

அவர் படுத்திருந்த ஒரு வருஷமும் கூரை ஒழுகி, மெஷின் துருவேறிக் கிடந்தது. பத்து நாளாகச் சுரண்டித் தேய்த்தாள். பேரிங் மாற்றி, பெல்ட் மாற்றி, மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டியாகிவிட்டது. வைவதும் துடைப்பதுமாகவே வேலை நடந்தது. மிச்சம், அந்த வாசல் சுவிட்ச்.

ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே இழுத்தாள். சுவிட்ச் தனியாகக் கையோடு வந்தது.

பின்னால் ஒயரே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். வெறும் சுவர்.

"இது என்ன கூத்து?"

மோட்டாரிலிருந்து போகும் ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். அது வாசல் பக்கமே போகவில்லை. மெஷின் மேஜைக்கு அடியில் நுழைந்தது. மரத்தூளில் மல்லாந்து படுத்து உள்ளே பார்த்தாள். நிற்பவர் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கறுப்புச் சுவிட்ச், விரல் பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்தது.

பக்கத்துப் பலகையில் தச்சுப் பென்சிலால் அப்பாவின் கோணல் எழுத்து.

'டாக்டர் சொன்னது - ஒரு நாளைக்கு இருபது நடை. சொன்னா கேக்க மாட்டா.'

அதற்குக் கீழே நாள்வாரியாகக் கோடுகள். முதல் நாள் நாலு கோடு. அடுத்த நாள் ஐந்து. அப்புறம் ஏழு. கடைசி வரியில் இருபது கோடு போட்டு, சுற்றிலும் பெரிதாக ஒரு வட்டம்.

சின்னவள் படுத்தபடியே அழுதாள். நாலு வருஷம் பேசாமல் இருந்ததற்கு இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

வெகுநேரம் கழித்து எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வெற்றுச் சுவிட்சைப் பழைய இடத்திலேயே வைத்து நன்றாக முடுக்கினாள். மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அம்மா! கொஞ்சம் வந்து சுவிட்சைப் போடேன்!"

"நீயே போட்டுக்கோ."

"மெஷினை விட்டு நகர முடியாதும்மா!"

சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. சுவரில் கை உராயும் சத்தம் மெல்ல மெல்லக் கிட்டே வந்தது.

அம்மா வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினாள். மெஷினை மேலும் கீழும் பார்த்தாள். "சக்களத்திக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றபடி சுவிட்சைத் தட்டினாள்.

மேஜைக்கு அடியில் சின்னவளின் விரல் அழுத்தியது. மோட்டார் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"ஓடுதும்மா! நீ போட்டதும் ஓடுது பாரு!"

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"ஓடுது, ஓடுது. ஆனா உங்கப்பா மாதிரியே நீயும் ஒரு நொடி லேட்டாத்தான்டி போடுற!"