டாக்டரம்மாவின் வலது கால்

டாக்டரம்மாவின் வலது செருப்பு வரவேற்பறையிலேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா மட்டும் உள்ளே வந்துவிட்டார்.

நர்ஸ் அதைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "மேடம், மறுபடியும் கழண்டுடுச்சு."

"இருக்கட்டும் விடு. அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

ஆபரேஷனில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்ட பிறகு இன்றைக்குத்தான் பல் கிளினிக்கைத் திறந்திருக்கிறார். மூட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மாடி ஏறுகிறது, இறங்குகிறது, தங்கமான மூட்டு. வம்பு பண்ணுவதெல்லாம் காலுக்குப் போகும் நரம்புதான். பாதத்தைக் கிள்ளினால் தெரியாது. போர்வையின் நுனி பட்டால் மட்டும் தணலில் வைத்த மாதிரி எரியும். கிள்ளினால் தெரியாத காலுக்கு எரிய மட்டும் தெரிகிறதே, இது எந்த ஊர் நியாயம்!

கேட்டபோதெல்லாம், ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டர் ஒரே பாட்டைத்தான் பாடினார். "நரம்பு தூங்குதும்மா. மெதுவா முழிச்சுக்கும். பொறுமையா இருங்க."

சொல்கிறவருக்கு என்ன, ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறவர். இந்தக் காலை ஒரே ஒரு நாள் அவருக்கு மாட்டிவிட்டால் தெரியும் சங்கதி. ஒவ்வொரு தடவையும் வீடு வந்து சேரும்வரை டாக்டரம்மா கருவிக்கொண்டே வருவார்.

நடையைப் பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை. பல்லைக் குடையும் மெஷினின் பெடல் தரையில் இருக்கிறது. அதை மிதிப்பது வலது கால். லேசாக மிதித்தால் மெதுவாகச் சுற்றும், அழுத்தினால் வேகம் எகிறும். பெடல் அடியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத காலை வைத்துக்கொண்டு அடுத்தவர் வாயில் எப்படிக் கை வைப்பது?

இடது காலால் முயன்று பார்த்தார். அது பிறவி முரடு. மிதித்தால் ஒரே மிதி.

இன்றைக்கு இது சரிப்படாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த அறை இல்லாமல் பகல் பொழுதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

அதனால்தான் முட்டை.

சாயங்காலங்களில் பூட்டிய கிளினிக்கில் உட்கார்ந்து முட்டை ஓட்டைக் குடைவார். ஓடு மட்டும் போக வேண்டும், உள்ளே இருக்கும் மெல்லிய தோல் கிழியக் கூடாது. கல்லூரியில் செய்த பயிற்சி. கால் சொல்லாததைக் காது சொல்லும் என்று அப்போதுதான் பிடிபட்டது. பெடல் அழுந்த அழுந்த மெஷினின் சத்தம் ஏறும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பிடிபடும்வரை கிழிந்த முட்டைகள் எல்லாம் கணவரின் தட்டுக்குப் போயின. இன்னொரு ஆம்லெட் வந்தால் வீட்டைவிட்டே ஓடிவிடுவேன் என்று மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். போன வாரம் ஒன்றுகூடக் கிழியவில்லை. அவருக்குத்தான் அப்பாடா என்றிருந்தது.

என்ன இருந்தாலும் முட்டை முட்டைதான். அதற்கு நாக்கு கிடையாது, கன்னம் கிடையாது.

முதல் ஆள் ஏற்கெனவே நாற்காலியில் சாய்ந்திருந்தார். வேறு இடத்தில் காட்டுங்கள் என்று நர்ஸ் போனில் எவ்வளவோ சொல்லியும், உங்கள் மேடம் எப்போது வருகிறாரோ அப்போதே வருகிறேன் என்று பல்வலியைப் பொறுத்துக்கொண்டு அடம் பிடித்த ஆசாமி. இப்போது நாற்காலியின் கைப்பிடிகளை அவர் பிடித்திருந்த பிடியில், சரியான பயந்தாங்கொள்ளி என்பது தெரிந்துபோயிற்று.

டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினார்.

"முன்னாடியே சொல்லிடறேன். என் வலது காலுக்கு இன்னும் உணர்ச்சி வரலை. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

பச்சைப் பொய். வேண்டாம் என்றிருந்தால் அழுதே இருப்பார்.

அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயை ஆவென்று திறந்தார்.

ஊசியை எடுத்ததும், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்ற வழக்கமான வசனம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, வலிக்கும், கொஞ்ச நேரம்தான் என்று உள்ளதைச் சொன்னார்.

மரத்துப்போகும்வரை காத்திருந்தார். பிறகு வெறும் பாதத்தைக் குனிந்து பார்த்துப் பெடல் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவ்வளவுதான், பெடலும் காணோம், பாதமும் காணோம்.

அழுத்தினார்.

சத்தம் வந்தது. ஏறியது. வேண்டிய இடத்தில் நின்றது. பல்லில் பட்டதும் சற்று இறங்கியது, கை தானாக இலேசானது. சொத்தை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. கைப்பிடிகளைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

பல்லை அடைத்து முடித்தபோது பாதம் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. எரிந்துவிட்டுப் போகட்டும். டாக்டரம்மாவுக்கு எழுந்து ஒரு ஆட்டம் போட வேண்டும் போலிருந்தது.

அந்த மனிதர் வாய் கொப்பளித்தார். தண்ணீர் பாதி தொட்டியில் விழுந்தது, பாதி சட்டையில் வழிந்தது. உதட்டைத் தடவிப் பார்த்தார். கிள்ளிப் பார்த்தார். முகத்தில் கிலி.

"உதடு இருக்கா இல்லையான்னே தெரியலையே," என்று குழறினார். "இது எப்ப சரியாகும்?"

இந்த ஒரு கேள்விக்காக டாக்டரம்மா எத்தனை மாதம் காத்திருந்தார்! கையுறைகளை நிதானமாகக் கழற்றினார்.

"நரம்பு தூங்குது, டாக்டர். மெதுவா முழிச்சுக்கும். பொறுமையா இருங்க."

எலும்பு டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி வாயில்தான் வந்தது.