மணி அடித்தால் போதும்

காட்டு யானை ஊரை நெருங்கினால் அதன் கழுத்துப்பட்டை சிக்னல் அனுப்பும். பேரணாம்பட்டு வாழை விவசாயி முனிரத்தினம் வீட்டில் மணி ஒலிக்கும். பட்டாசு வெடித்து விரட்டிவிடலாம். காட்பாடி பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட் இது.

முந்தாநாளிலிருந்து சிக்னல் ஒரே இடத்தை விட்டு நகரவே இல்லை. பட்டை கழன்று விழுந்துவிட்டதோ என்று பயந்து, மாணவர்கள் ஷாஜினும் மேகலாவும் பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறினார்கள்.

"மணி அடிச்சுதாண்ணா?" என்று முனிரத்தினத்திடம் கேட்டாள் மேகலா.

"கரெக்டா அடிச்சுதும்மா. ஒரு வாழைகூட சாயல."

"பட்டாசு வெடிச்சீங்களா?"

"அதுக்கு வேலையே இல்ல."

"அப்ப பட்டை?" ஷாஜின் அவசரப்பட்டான்.

"கழுத்துலதான் இருக்குது." முனிரத்தினம் நன்றியோடு சிரித்தார். "முன்னல்லாம் மாடு கன்னு மாட்டிக்கும்னு வேலிக்குக் கரண்ட் குடுக்க மாட்டேன். இப்பதான் உங்க மணி இருக்குதே, அது அடிச்சதும் சுவிட்சைப் போட்டா போதும்."