கழற்றிய பம்ப்

கல்யாணப் பெண் ஜெர்சி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் டெனிசன் சாவியைத் திருப்பினால் பழைய காரில் செல்ஃப் மட்டும் அடித்தது, ஸ்டார்ட் ஆகவில்லை. வடக்குப்பட்டு மெக்கானிக் வசந்தகுமார் வந்து, வேலை செய்யாத பெட்ரோல் பம்பைக் கழற்றி எடுத்தார்.

“இது அவ்ளோதான் தம்பி. புதுசு வாங்க ஸ்ரீபெரும்புதூர் போவணும்.”

“சர்ச்சுல ஃபாதர் காத்துக்கினு கீறாருண்ணே” என்று டெனிசன் எரிச்சலில் மறுபடி சாவியைத் திருப்பினான்.

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மூவரும் வசந்தகுமார் கையிலிருந்த பம்பைப் பார்த்தார்கள்.

“பம்ப் இல்லாம எப்டிண்ணே ஓடுது?” என்றான் டெனிசன்.

“மெதுவா பேசு. அதுக்குத் தெரிய வேணாம்” என்றாள் ஜெர்சி. “வண்டிய எடு.”

கார் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பித் தன்னைக் கடந்து போகும்வரை, வசந்தகுமார் பம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்.