மத்தியானப் படம்

அடி அண்ணாமலை பஞ்சாயத்து டி.வி.யை ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல போடலாமா, கூடாதா? இதை முடிவு பண்ண ஊரே டி.வி. ரூம் வாசல்ல கூடிடுச்சு. ரோடு கேட்டுக்கூட எங்க ஊர்ல இவ்ளோ பேர் கூடினதில்ல.

வம்புக்குக் காரணம் இராமலிங்கம். பஞ்சாயத்துல தண்ணி மோட்டார் போடறவன். ஆன்டெனா தண்ணி டேங்க் மேல இருந்ததால டி.வி. ரூம் சாவியும் அவன்கிட்டயே இருந்தது.

சாயந்தரம் தமிழ்ப் படம். அதுல யாருக்கும் தகராறு இல்ல. உலகமே கிரிவலம் சுத்தற மலை எங்க ஆன்டெனாவுக்கு மட்டும் குறுக்க நின்னதால படத்துல கொஞ்சம் புள்ளி விழும், அவ்ளோதான்.

மத்தியானம் தூர்தர்ஷன்ல டெல்லிக்காரன் போடற படம்தான் தொல்லை. ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் ஒரியா. பாட்டு கெடையாது, சண்டை கெடையாது. ஒருத்தன் கெணத்தைப் பாத்து நிப்பான். நாம வீட்டுக்குப் போய் சாப்ட்டுட்டு வந்தாலும் அவன் நின்னுட்டே இருப்பான்.

இராமலிங்கம் மட்டும் ஒரு வாரம்கூட விடமாட்டான். பொறவியிலயே காது கேக்காத தன் பெண்டாட்டி பச்சையம்மாளையும் கூட்டியாந்து உக்கார வெச்சுடுவான். காது நல்லா கேக்கறவனுக்கே புரியல, அந்தப் பொம்பளையை ஏன் இம்சை பண்றான்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க.

யாராவது அந்தப் படங்களைக் கொறை சொன்னா போதும், டீக்கடைன்னு பாக்கமாட்டான், பஸ் ஸ்டாப்புன்னு பாக்கமாட்டான், சண்டைக்கு வந்துடுவான். பாட்டு இல்லாட்டி படம் இல்லியா, மூஞ்சியிலயே கதை ஓடுது, பாக்கத் தெரியணும்னு பேசுவான். அப்ப கதையைச் சொல்லுன்னா, வங்காளத்துலயே பொறந்தவனாட்டம் சொல்லுவான். புளுகறான்னு எல்லாரும் சிரிப்பாங்க.

கடுப்பு ஜாஸ்தியானது மளிகைக்கடை தசரதனுக்குத்தான். மத்தியானமே டி.வி. சூடாயிட்டா சாயந்தரம் எப்படி ஓடும்னு கேட்டான். நியாயமான கேள்வின்னு ஊரே ஒத்துக்கிச்சு. மத்தியானப் படம் முடிஞ்சதும் தசரதன் ஒரு பனை விசிறியை எடுத்தாந்து, சாயந்தரம் வரைக்கும் டி.வி.க்கு விசிறிட்டிருப்பான். அப்படியும் போன வாரம் தாலி கட்டற நேரத்துல படம் நின்னுபோச்சு. அன்னிக்கு ஊருக்கே கரண்ட் இல்லங்கறது வேற விஷயம்.

பஞ்சாயத்துத் தலைவர் ஒரு வழி பண்ணார். கல்கத்தாவுல லுங்கி யாவாரம் பண்ணிட்டு டவுனுக்குத் திரும்பி வந்த நசீருதீன் பாயைக் கூட்டியாந்தார். பாய்க்கு வங்காளம் தண்ணி பட்ட பாடு.

"படம் முடிஞ்சதும் இராமலிங்கம் கதை சொல்லட்டும். சரியா இருந்தா மத்தியானப் படம் ஓடட்டும். புளுகுன்னா சாவியைக் குடுத்துடணும்" அப்படின்னார் தலைவர்.

இராமலிங்கம் மூஞ்சி சுண்டிப்போச்சு. ஆனா சரின்னுட்டான்.

அன்னிக்கு வங்காளப் படம் ஓடுச்சு. எல்லாரும் டி.வி.க்கு நேரா உக்காந்தோம். அவன் வழக்கம்போல பெண்டாட்டியோட ஒரு ஓரமா, செவுத்துல சாஞ்சு ஒருக்களிச்சு உக்காந்திருந்தான். பாதிப் பேர் தூங்கிட்டாங்க.

முடிஞ்சதும் அவன் சொன்னான். ஆத்துல ஒரு படகுக்காரன். அங்க பாலம் கட்ட வராங்க. பாலம் வந்தா அவன் பொழப்பு போயிடும். ஆனா அவனே அந்தப் பாலத்துக்குக் கல்லு சுமக்கப் போறான்.

நசீருதீன் பாய் தலையாட்டினார். தசரதன் விசிறியைக் கீழ வெச்சான்.

"எல்லாம் சரி. பொழப்பைக் கெடுக்கற பாலத்துக்கு அவன் ஏன் கல்லு சுமந்தான்? படத்துல யாருமே அதைச் சொல்லலியே" அப்படின்னு கேட்டார் பாய்.

இராமலிங்கம் மெதுவா பச்சையம்மாள் பக்கம் திரும்பி ரெண்டு விரலை ஆட்டினான். அவ கை எழும்புச்சு. வயித்தைத் தொட்டுச்சு. தண்ணி மாதிரி அலைஞ்சுது. அப்புறம் தோள்ல இருந்த முந்தானையைத் தொட்டுக் காட்டுச்சு.

"பிரசவ வலியில இருந்த பெண்டாட்டியை வெள்ளத்துல அக்கரைக்குக் கொண்டுபோக முடியல பாய். செத்துட்டா. மொதல்ல வீட்டுக் கொடியில தொங்குன பொடவையத்தான் கடைசியில படகுல நெழலுக்குக் கட்டியிருந்தானாம்."

"வாஸ்தவம்தான். எனக்கே இப்பத்தான் விளங்குது" அப்படின்னார் பாய்.

தலைவர் சாவியை இராமலிங்கம் கையிலயே வெச்சு அமுக்கிட்டு, அப்ப கதை சொல்றது உன் பெண்டாட்டியா, இதுக்கா இத்தனை நாளா சண்டை போட்டேன்னு கேட்டார்.

"சாயந்தரப் படத்துக்கு அவளுக்கு நான் கதை சொல்லணும் தலைவரே. கையைத் தூக்குனா மறைக்குதுன்னு பின்னாடி சத்தம் போடறாங்க, பாதியில விட்டுடறேன். மத்தியானப் படத்துல யாருக்குமே பேச்சு புரியாது. அப்ப மட்டும் அவ எனக்குக் கதை சொல்லுவா."

தசரதன் விசிறியை எடுத்துக்கிட்டு, தோத்த கோவத்துல கேட்டான்.

"அதெல்லாம் இருக்கட்டும்யா. உன் மனசைத் தொட்டுச் சொல்லு, அந்தப் படமெல்லாம் நெசமாவே நல்லா இருக்குதா?"

"எனக்கென்னா தெரியும்ணே?" அப்படின்னான் இராமலிங்கம். "நான் எங்க டி.வி.யைப் பாத்தேன், அவ கையைத்தானே பாத்துட்டிருந்தேன்."