கார்டு வராத வீடு

கயிற்றைக் கட்டி முடித்து ஸ்டூலிலிருந்து இறங்கிப் பார்த்தாள்.

ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணி வரைக்கும் கயிறு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டுகளின் கனத்தில் நடுவில் தொய்ந்து, வருகிறவர் தலையில் தட்டும். இந்த வருஷம் விறைப்பாக நின்றது.

ஒரு கார்டுகூட வரவில்லை.

தபால்காரர் தெருவுக்கு வராமலில்லை. பக்கத்து வீட்டில் மணியடித்தார். எதிர் வீட்டில் முறுக்கு வாங்கித் தின்றார். இவள் வாசலைத் தாண்டும்போது மட்டும் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதித்தார். நல்ல மனுஷன். வெறுங்கையோடு அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். அந்தக் கடற்கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் கார்டு அனுப்பக் கூடாது.

இந்த வீட்டில் யார் செத்தது?

ததேயு கடலுக்குப் போயிருக்கிறான். அவ்வளவுதான். ஐப்பசிப் புயலுக்கு முந்தின நாள் போன படகு இன்னும் கரைக்கு வரவில்லை. காற்று எங்கே இழுத்துக்கொண்டு போனதோ. எந்தத் தீவில், எந்தப் பாஷைக்காரன் கையில் கஞ்சி வாங்கிக் குடிக்கிறானோ. புருஷன் உடம்பை அவள் பார்க்கவில்லை. ஊரும் பார்க்கவில்லை. ஆனாலும் ஊர் முடிவு கட்டிவிட்டது. பங்குச் சாமியார் வந்து, இறந்தவர்களுக்கான பூசைக்கு நாள் கேட்டார்.

அவள் சாமியார் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதனால்தான் இந்த வருஷம் அவளே முந்திக்கொண்டாள். சந்தைக்குப் போய்க் கட்டுக் கட்டாகக் கார்டு வாங்கி வந்தாள். ஒவ்வொன்றிலும் 'அன்புடன் ததேயு' என்று அவன் பெயரை முதலில் எழுதினாள். அவன் எழுதுகிற மாதிரியே வலப்பக்கம் சாய்த்து எழுதினாள். அதற்குக் கீழேதான் தன் பெயர்.

பெரியப்பா வீட்டுக்கு, மச்சான் வீட்டுக்கு, கொச்சியிலிருக்கும் படகு முதலாளிக்கு. சாமியாருக்கும் ஒன்று.

வந்த கார்டுக்குப் பதில் போடாமலிருப்பது அங்கே பெரிய அவமரியாதை. பகையாளிகூடப் போட்டுவிடுவான். பதில் போட்டால், ததேயு உயிரோடிருக்கிறான் என்று ஒத்துக்கொண்டதாகும்.

யாரும் போடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கேரல் பாட வந்தார்கள். தெருமுனையிலிருந்தே கொட்டுச் சத்தம் கேட்டது. முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தி, தட்டில் கேக்கை வெட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவள் வீட்டுக்கு முன்னால் கொட்டு நின்றது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். நாலு வீடு தள்ளி மறுபடி அடித்தார்கள்.

கேக்கை அவளே தின்றாள். தின்றுகொண்டே அழுதாள்.

இன்று மத்தியானம் ததேயுவின் தங்கை அமலி தெருமுனையிலிருந்து ஓடி வந்தாள். கையில் ஓர் உறை.

"மைனி, தபால்காரர் தந்தாரு. நம்ம வீட்டுக்குத்தான்."

பிடுங்கி வாங்கினாள். உறையின்மேல் முதல் வரியிலேயே இருந்தது. திரு. ததேயு அவர்களுக்கு.

எத்தனை நாளாயிற்று, அந்தப் பெயரை இன்னொருத்தர் எழுதிப் பார்த்து. உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பைத்தியம் மாதிரிச் சிரித்தாள். அமலியும் சேர்ந்து சிரித்தாள்.

உள்ளே மாதாவும் பாலனும். கீழே, நீல மையில், பேனா முனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது.

அன்புடன் அந்திரேயாஸ், ரோஸ்லின்.

அந்திரேயாஸ் அடுத்த ஊர்க்காரன். ததேயுவோடு அதே படகில் போனவன். ரோஸ்லின் அவன் பெண்டாட்டி.

"ரோஸ்லின் அக்காளா அனுப்பியிருக்கு?" அமலி எட்டிப் பார்த்தாள். "அவங்களுக்கு நாம அனுப்பேலியா மைனி?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது.

"சாவு வீட்டுக்கு எப்பிடி மக்ளே அனுப்ப?"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.